தனிக்கு யாரும் எழுந்து போகவில்லை

தனி ஆவர்த்தனம் தொடங்கி இத்தனை நேரமாகியும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

அச்சுதனுக்கு முதலில் அது சந்தோஷமாக இருந்தது, பிறகுதான் உறுத்தியது. கடம் வாசிக்கிறவனுக்குச் சபையோரின் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். பாடகி பாட்டை நிறுத்தி மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் வழிவிட்டதுமே நாற்காலிகள் கிறீச்சிடும், கேன்டீன் பக்கம் ஓர் ஊர்வலம் கிளம்பும். செங்கல்பட்டு முதல் மதுராந்தகம் வரை எத்தனையோ போண்டா மாஸ்டர்களைத் தன் வாசிப்புதான் வாழவைக்கிறது என்று அவனே சொல்லிக்கொள்வான். இன்றும் பின்கட்டிலிருந்து எண்ணெய் மணமும் இஞ்சி மணமும் உப்புக்காற்றோடு கலந்து வந்துகொண்டுதான் இருந்தன. ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

மாமல்லபுரத்தைத் தாண்டி, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் சிப்பி அருங்காட்சியகம் அது. பார்வையாளர்கள் போனபின் ‘அறிவியலும் இசையும்’ என்று ஒரு மாலை. சங்குகள் அடுக்கிய கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். கச்சேரிக்கு முன்னால் பேராசிரியர் உலகநாதன் பேசினார். ஆள் தலையைவிடப் பெரிய ஒரு சங்கின் வாயருகே மைக்கை வைத்தார். ஸ்பீக்கரில் கடல் இரைந்தது. கைதட்டினார்கள்.

“சங்குக்குள்ள கடல் இருக்குன்னு நினைக்கிறோம். கிடையாதுங்க. உள்ள இருந்த பிராணி செத்துப்போச்சு, வீடு காலி. காலி வீடு சுத்தியிருக்கிற சத்தத்தை உள்ள வாங்கிக்குது, அவ்வளவுதான். இதுக்குள்ள இருக்கிறது கடல் இல்ல. நாமதான்.”

“அப்போ நம்மள யாரு சார் வெளிய வுடுவா?” என்று மேடையிலிருந்து மிருதங்கம் பன்னீர்செல்வம் குரல் கொடுத்தான். கூடமே சிரித்தது.

“அதுக்கு சயின்ஸ் இன்னும் வரல” என்று உலகநாதனும் சிரித்தார்.

அந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. அச்சுதன் அதை இப்போதுதான் கவனித்தான். தம்புராவின் சுருதிக்கு அடியில், ஸ்பீக்கருக்குள், அந்த இரைச்சல் இன்னும் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் அவன் மகள் ரக்ஷா. தனியின்போது எத்தனை பேர் எழுந்து போகிறார்கள் என்று எண்ணி, திரும்பும் பஸ்ஸில் சொல்வது அவள் வேலை. “நெறைய பேர் போயிட்டாப்பா. ஆனா ஒரு மாமா திரும்பி வந்தார். உனக்காகத்தான் வந்தார்” என்பாள். அந்த ஒரு மாமாவை நினைத்துக்கொண்டே அவன் அடுத்த கச்சேரிவரை ஓட்டிவிடுவான்.

எத்தனை பேர் என்று புருவத்தால் கேட்டான். அவள் பார்க்கவில்லை. மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ரக்ஷாவுக்குத் தாளம் வராது. சுண்டுவிரலுக்குப் பிறகு எப்போதும் நடுவிரலுக்குத் தாவிவிடுவாள். இன்று தாவவில்லை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிசகே இல்லை.

பக்கத்துக் கையும் அப்படியே. அதற்கடுத்த கையும். ‘தாளம்னா தட்டறதா, வீசறதா சார்?’ என்று சற்றுமுன் கேட்ட உலகநாதனின் கையும். பாடகி சியாமளாவின் கையும். கூடம் முழுக்க ஒரே தட்டு, ஒரே வீச்சு, ஒரே சத்தம்.

அவனுக்கென்று ஒரு வித்தை உண்டு. மிருதங்கம் ஓய்ந்து தன் முறை வரும்போது, வாசிப்பின் நடுவே சட்டென்று கையை எடுத்துக் கொஞ்சம் வெற்றிடம் விடுவான். எடுத்தான்.

ஓர் இருமல் இல்லை. ரக்ஷாவின் சட்டைக் கழுத்தில் தைத்திருந்த லேஸ் அசையவில்லை. அவள் மார்பு அசையவில்லை. யார் மார்பும் அசையவில்லை.

பதறிப்போய்க் கடத்தில் அறைந்தான். கூடம் மொத்தமும் மூச்சு வாங்கியது. ஒரே மூச்சு.

இன்னொரு முறை நிறுத்திப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“நிறுத்திடாதேடா” என்றான், பன்னீரின் பக்கம் சாய்ந்து. “என்ன ஆனாலும் நிறுத்தாதே.”

“இன்னா அண்ணாத்த, மூஞ்சி பேயறைஞ்ச மாரி கீது?”

“குழந்தையைப் பாரு.”

பன்னீர் பார்த்தான். கை தவறவில்லை. பார்த்த கண்ணைத் திருப்பவும் இல்லை. மெதுவாக அவன் வாய் திறந்துகொண்டது.

“பன்னீரு?”

கை மட்டும் வாசித்தது.

வயிற்றில் அணைத்திருந்த பானையின் வாய் சில்லென்றது. எழுந்து ஓடிப்போய் அவளைத் தூக்கிவிடலாம். அதற்குள் பன்னீரின் கையும் நின்றுவிட்டால் யார் வாசிப்பது? வாசித்துக்கொண்டே கத்தினான்.

“ரக்ஷா!”

“அப்பா.”

எதிரே அவள் உதடு அசையவில்லை. குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மைக்கிலிருந்து. மைக்குக்கு முன்னால் சங்கு மட்டும்தான் இருந்தது.

“இங்க இருட்டா இருக்குப்பா. நெறைய பேர் இருக்கா. எண்ணிப் பார்த்தேன். முடியலைப்பா.”

“வரேன்டா கண்ணா. அப்பா வரேன்.”

“நிறுத்தாதப்பா.”

அப்போதுதான் பன்னீரின் கை நடையை மாற்றியது. மோரா. தனியை முடிக்கப் போகிறோம் என்பதற்கு அடையாளம். மோராவுக்குப் பின் கோர்வை என்ற முடிப்பு. கோர்வை மூன்று முறை. பிறகு ஒன்றும் கிடையாது.

“வேணாம்டா! பன்னீரு, வேணாம்!”

அச்சுதன் வேறெதையோ வாசிக்கப் பார்த்தான். விரல்கள் கேட்கவில்லை. மோரா விழுந்தால் சேர்ந்துகொள்ள வேண்டும். சிறுவயதிலிருந்து அவற்றுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சேர்ந்துகொண்டன. அழகாக. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பொருத்தம் அமைந்ததே இல்லை.

கோர்வை. ஒன்று.

“அப்பா.”

இரண்டு.

நாற்காலி நாற்காலியாக வாய்கள் திறந்தன. வட்டமாக. வழவழவென்று. உள்ளே வெளிர்ச்சிவப்பு.

“அப்பா, மெதுவாப்பா.”

மூன்று.

கடைசி அடி விழுந்தது. கைகள் மடியில் நின்றன. லேஸ் நின்றது. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

யாரும் எழுந்து போகவில்லை.

அவன் பானையைத் தள்ளிவிட்டுத் தவழ்ந்து போய், ரக்ஷாவின் திறந்த வாயில் காதை வைத்தான்.

உள்ளே கடல் இரைந்தது.