கீர்சேயின் பங்கு

ஓட்டை விழுந்த கப்பலைக் கொளுத்திவிட்டு, அதிலிருந்து தப்பிய மாலுமிகளைத் தளபதி மற்ற கப்பல்களுக்குப் பிரித்து அனுப்பினார். ஹினேஸுக்கு 'சாந்தா பிரிஹிதா' என்ற கப்பல் வாய்த்தது. வாசனைப் பொருள் விளையும் தீவுகளைத் தேடி ஸ்பெயினிலிருந்து கிளம்பியவர்களில் பாதிப் பேரைக் கடல் ஏற்கெனவே தின்றிருந்தது. கீழ்த்தளத்துக்கு இறங்கியதுமே நாற்றம் முகத்தில் அறைந்தது. எலி மூத்திரம், அழுகிய தண்ணீர், சீழ். சீ! மனுசன் இருக்கிற இடமா இது?

"மூக்கைப் பொத்தாதே தம்பி, பழகிடும்" என்று சிரித்தான் அங்கே உட்கார்ந்திருந்த தொரீபியோ. வீங்கிய ஈறுகள் அவன் பற்களைப் பாதி மூடியிருந்தன. "இனி நாம மூணு பேரும் ஒரே சட்டி. அதோ படுத்திருக்கானே, அவன் கீர்சே. உடம்புக்கு முடியலை. எழுப்பாதே."

மூலையில் கோணிக்கு அடியில் ஒரு உருவம் முதுகைக் காட்டிக் கிடந்தது.

மதியம் ரொட்டித்தூள் வந்தது. தூளா அது? பாதிக்கு மேல் புழு. கடல்நீரில் ஊறப்போட்ட மாட்டுத்தோலையும் சேர்த்து, தொரீபியோ மூன்று கூறு வைத்தான். பங்கு பிரிப்பதற்கு அந்த மாலுமிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் முதுகைத் திருப்பி நிற்பான். இன்னொருவன் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பான். முதல் ஆள் யார் பேரைச் சொல்கிறானோ அவனுக்கே அது. மாற்றிப் பேசினால் கத்திக்குத்துதான்.

ஹினேஸ் திரும்பி நின்றான்.

"இது யாருக்கு?"

"கீர்சேக்கு."

"அவனுக்கு நான் ஊட்டிக்கிறேன், விடு." தொரீபியோ அவசரமாகக் கை நீட்டினான்.

அதற்குள் தண்ணீர் இறைக்க எல்லாரையும் மேலே கூப்பிட்டுவிட்டார்கள். ஹினேஸ் அந்தக் கூறைக் கீர்சேயின் கிண்ணத்தில் அள்ளிக் கோணியருகே வைத்துவிட்டு ஓடினான். திரும்பி வந்தபோது கிண்ணம் பளபளவென்று இருந்தது.

"உன் ஆளு நக்கியே வச்சுட்டான் அண்ணே!"

தொரீபியோவின் முகம் வெளுத்தது.

"நீ தின்னுட்டுப் பொய் சொல்றியா?"

"சத்தியமா இல்லை."

"அடப்பாவி…" குரல் கிசுகிசுத்தது. "அவன் செத்து நாளாச்சுடா. வெளியே சொன்னா அவன் பங்கை நிறுத்திடுவாங்களேன்னு மூடி வச்சிருந்தேன்."

பிணத்தின் சோற்றையா இவன் தின்றுகொண்டிருந்தான்! ஹினேஸ் கோணியை இழுத்தான். தோலும் கூடவே உரிந்து வந்தது. ஊதிக் கறுத்த முகம். திறந்த வாய்க்குள் அரைபட்ட ரொட்டி, ஈரமாக. அதில் ஒரு புழு நெளிந்தது.

தாடை அசைந்தது.

ஒரே ஒரு தரம்.

பீரங்கித் துளை வழியே கீர்சேயைக் கடலில் தள்ளினார்கள். ஹினேஸ் தின்றதையெல்லாம் கக்கினான்; கடைசியில் பித்தம்தான் வந்தது. மறுநாள் காலையில் அவனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. இன்றும் வயிற்றில் ஏதும் தங்காவிட்டால் அடுத்த கோணி தனக்குத்தான் என்று அவனுக்குத் தெரிந்தது.

மதியம் இரண்டே கூறு. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றான்.

"இது யாருக்கு?"

"உனக்கு அண்ணே."

"இது யாருக்கு?"

"எனக்கு."

முடிந்தது. திரும்பப் போனான்.

"இது யாருக்கு?"

பல்லில்லாத வாயின் கொழகொழத்த குரல். காதருகே.

தொரீபியோ எங்கோ விசும்பினான். பிண நாற்றம் சூழ்ந்தது. அதற்கு நடுவே நனைந்த ரொட்டியின் வாசம். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது சும்மாவா? ஹினேஸின் வாயில் எச்சில் ஊறியது. சீ, நானும் ஒரு மனுசனா என்று தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"எனக்கு" என்றான்.

திரும்பினான். யாரும் இல்லை. தொரீபியோ மட்டும் பலகையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "தின்னாதேடா தம்பி, தின்னாதே" என்று அழுதுகொண்டிருந்தான்.

கீர்சேயின் கிண்ணத்தில் ஒரு மென்ற உருண்டை. அதில் இரண்டு பற்கள், ஈறோடு.

ஹினேஸ் பற்களை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தான்.

உருண்டை இன்னும் சூடாக இருந்தது.