முட்டை உடையாத வண்டி

நந்திதாவின் வண்டியைப் பார்த்ததும் என் வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே எரிந்தது.

ராணுவப் பச்சை பெயிண்ட், ரப்பர் சக்கரம், திறந்து மூடும் கதவு. அவள் அப்பா பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். மகள் கேட்டால் எதையும் வாங்கிக் கொடுத்துவிடுவார். என் வண்டியோ எண்ணெய் டின் தகரத்தில் செய்தது. உக்கடத்தில் வாளியும் புனலும் செய்யும் என் அத்தாவின் பட்டறையில் மிஞ்சிய துண்டுகள். அதன் பக்கவாட்டில் 'சுத்தமான கடலை எண்ணெய்' என்ற எழுத்துகூட அழியவில்லை.

எங்கள் அறிவியல் ஆசிரியை வரலட்சுமி டீச்சரின் தம்பி ராணுவத்தில் லாரி ஓட்டுகிறார். சாலையில் புதைத்த கண்ணிவெடி அடியில் வெடித்தாலும் உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும், அப்படி ஒரு வண்டி செய்யுங்கள் என்றார் டீச்சர். இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னார். நந்திதாவோடு சேர மாட்டேன் என்றேன். அவளும் அதையே சொன்னாள். ஆளுக்கொரு வண்டி தனியாகவே செய்தோம். ஜெயிக்கும் வண்டிதான் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். நான் போயே ஆக வேண்டும். அவள் போகவே கூடாது.

வண்டிக்குள் வீரருக்குப் பதில் முட்டை. அதுவும் நந்திதாவின் பண்ணை முட்டைதான். வெடிக்குப் பதில் தண்ணீர். பள்ளித் தோட்டத்து பம்புக் குழாயை வானம் பார்க்கத் திருப்பி, வாயை மணலால் மூடியிருந்தார் டீச்சர். வண்டியைக் கயிறு கட்டி அதன்மேல் இழுக்க வேண்டும். உடனே டீச்சர் வால்வைத் திறப்பார். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு வாய்ப்பு.

மற்றவர்களின் அட்டை வண்டிகள் முதல் அடியிலேயே கூழாயின. பிறகு நந்திதா வந்தாள். வண்டியின் அடியில் தடிமனான இரும்புத் தகடு.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மொத்தமும் அந்தத் தட்டைத் தகட்டில் மோத, வண்டி எகிறிக் குப்புற விழுந்தது. கூரை கழன்று முட்டை உடைந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

என் வண்டியின் அடி படகு மாதிரி நடுவில் கூராக இருக்கும். பட்டறைக் குழாயடியில் வளைந்த தகரத்தைக் கழுவும்போது தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடுவதைப் பார்த்துத்தான் அப்படி மடித்தேன். நினைத்தபடியே தண்ணீர் பிரிந்து, பாதி டீச்சரின் புடவையை நனைத்தது. வண்டி ஒரு குதி குதித்து அங்கேயே நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கதவைத் திறந்தேன். மஞ்சள் கரு வழிந்தது. வண்டிக்குள் சும்மா வைத்த முட்டை அந்தக் குதியிலேயே உடைந்துவிட்டது.

"வண்டி தப்பிச்சுது அம்மணி, ஆளு போயிட்டாரே" என்றார் டீச்சர். அவர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவு வந்தது. நந்திதா முட்டையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டிருந்தாள். வண்டி எகிறியபோது தொட்டில் ஆடியதே தவிர, முட்டை உடையவில்லை. கூரை கழன்று கீழே விழுந்த பிறகுதான் உடைந்தது. பொறாமையில் அந்த வண்டியின் ஜன்னலையே கண் கொட்டாமல் பார்த்ததால் எனக்குத் தெரிந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை, அவளும்கூட.

கைக்குட்டையை எடுத்து என் வண்டிக்குள் தொட்டில் கட்டத் தொடங்கினேன். ஒரு முடிச்சும் போட்டுவிட்டேன். பக்கத்தில் நந்திதா அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டே வண்டியைத் துடைத்தாள். இரண்டாவது முடிச்சுக்கு என் கை போகவில்லை. அது அவளுடைய தொட்டில். சே, என்ன தொல்லை இது!

எழுந்து அவளிடம் போனேன். "உன்ற தொட்டில் நல்லா வேலை செஞ்சுது. அடித்தகடுதான் சரியில்ல. என்ற வண்டில வந்து கட்டறயா?"

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "நீயே கட்டியிருக்கலாமே?"

"கட்டத்தான் பாத்தேன்" என்று முடிச்சைக் காட்டினேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படிக் கட்டுனா முட்டை நழுவிப்போயிரும். தா இங்க."

இரண்டாவது வாய்ப்பில் கயிற்றை இருவரும் சேர்ந்து இழுத்தோம். தண்ணீர் பிரிந்தது, வண்டி குதித்தது, தொட்டில் ஆடியது. டீச்சர் முட்டையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. தம்பிக்கு இன்றைக்கே கடிதம் போடுவதாகச் சொன்னார்.

'மாவட்ட அறிவியல் கண்காட்சி, 1995' என்று அச்சடித்த அட்டையில் எங்கள் பெயரை நந்திதாதான் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. என் வயிறு மறுபடி கொஞ்சம் எரிந்தது. குனிந்து பார்த்தேன். முதலில் என் பெயரை எழுதியிருந்தாள்.