எட்டு வயதுக்கான பரிந்துரை

"எங்கம்ம எப்ப வருவா மாமா?"

"இந்தப் புத்தகத்தை முடிச்சதும் வந்துருவாங்க."

"போன புத்தகத்துக்கும் இதத்தான சொன்னிய?"

படிப்பவரின் மகிழ்ச்சியை முள்ளால் காட்டும் மகிழ்மானியின் திருகில் சேந்தனின் கை அப்படியே நின்றுவிட்டது. எதிரே நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தவள் இழையினி. வயது நாற்பத்து மூன்று. புத்தகக் கடையில் அவனுக்கு மூத்த விற்பனையாளர். தலையில் கவிழ்ந்திருந்த வயதிறக்கி அவள் மனத்தை எட்டு வயதுக்கு இறக்கி வைத்திருந்தது. எட்டு வயதில் அவள் பாளையங்கோட்டைக்காரி. பேச்சிலும் அந்த ஊர் வந்துவிடும்.

குழந்தைகள் தலையில் கருவி வைக்கச் சட்டம் விடவில்லை. ஆனால் ஒரு புத்தகத்தில் 'கடையின் தேர்வு' என்று அட்டை செருக வேண்டுமானால், அந்த வயது மனம் ஒன்று உண்மையாகவே மகிழ்ந்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டம்தான் சொன்னது. ஆகவே ஊழியர்கள் இறங்கினார்கள். பதினாறுக்கு இறங்கித் துப்பறியும் கதை, எட்டுக்கு இறங்கி விலங்குக் கதை, ஐந்துக்கு இறங்கிப் படப் புத்தகம். மேலே ஏறியதும் எதுவும் நினைவிருக்காது. இறங்கும்போதெல்லாம் புதுக் குழந்தை. கருவியை விற்றவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்.

"எந்தப் புத்தகம்மா?"

"கப்பல்ல பூன சமைக்குமே, அது. அதுக்கு முன்னால தும்பிக்கையத் தொலச்ச யான." அவள் வாசலைப் பார்த்தாள். "எம்புட்டு நேரமா இருக்கேன். வெளிய இருட்டவே மாட்டேங்கு."

யானைக் கதை போன வருடக் கோடை விடுமுறைக்கு வந்தது.

சேந்தனுக்குப் புரிந்தது. புதுக் குழந்தை யாரும் இறங்கவில்லை. ஒரே குழந்தை. மேலே இருப்பவள் வீட்டுக்குப் போவாள், தூங்குவாள், பண்டிகை கொண்டாடுவாள். கீழே இருப்பவளுக்கு அதெல்லாம் இல்லை. அவளுக்கு இது முடியாத ஒரே பிற்பகல்.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. இழையினியின் அம்மா சாவுக்கு மாலை வாங்கிப் போனவனே அவன்தான். ஆனால் சொன்னால் மகிழ்மானியின் முள் விழும். போன வாரமே அவள் பெயரில் ஒரு புத்தகம் தேறவில்லை. இன்னொன்றும் தேறாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

"இதுல ஒரு நரி கூரைமேல குடியிருக்கு" என்றான். "நல்லா சிரிச்சுப் படிச்சா அம்மா சீக்கிரம் வருவாங்க."

படித்தாள். பக்கத்துக்குப் பக்கம் வாசலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். முள் எகிறியது. சிரிப்பு நரிக்கா, வாசலுக்கா என்று பிரித்தறிய மகிழ்மானிக்குத் தெரியாது. கடைசிப் பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடி, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, புறப்படுகிறவள் மாதிரி எழுந்து நின்றாள்.

"முடிச்சிட்டேன் மாமா."

அவன் பொத்தானை அழுத்தினான்.

"எனக்குப் பிடிச்சுதா?" என்றாள் நாற்பத்து மூன்று வயது இழையினி. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "என்னடா இது, ஒரே ஈரமா இருக்கு?"

"சிரிச்சு சிரிச்சுத்தான் அக்கா."

அவள் அதையே அட்டையில் எழுதினாள்: 'எட்டு வயதுக்கு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. - இழையினி.' நரியின் அட்டைப்படத்தை ஆசையாகத் தடவிவிட்டு அதைச் செருகினாள்.

"வா சேந்தா, இப்ப உன் முறை. அஞ்சு வயசுக்குப் படப் புத்தகம் வந்து குவிஞ்சு கிடக்கு."

அவன் உட்கார்ந்தான். வயதிறக்கி குளிர்ச்சியாகத் தலையில் இறங்கியது. தாடை வாரைப் பூட்டிய பிறகு, பழகிய கையோடு அவள் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பினாள்.

"ஏன் திருப்புறீங்க?"

"வாசல் தெரிஞ்சா நீ படிக்கவே மாட்டேங்கிறடா."

சேந்தன் வாரைப் பிடித்து இழுத்தான். அவிழவில்லை. ஐந்து வயதில் தனக்கு யார் யார் இருந்தார்கள், யார் திரும்பி வரவில்லை என்று அவசரமாக யோசித்தான். ஒன்றும் பிடிபடவில்லை. முதுகுக்குப் பின்னால் அவள் பொத்தானைத் தேடும் சத்தம் கேட்டது.

"அக்கா, ஒரு நிமிஷம். கீழ நான் யாருக்காகக் காத்துட்டிருக்கேன்? அத மட்டும் சொல்லிட்டு அழுத்துங்க."