புதன்கிழமைப் பொட்டலங்கள்

தையல்காரம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். கத்திரிக்கோல் பட்ட காயம், நாலே நாலு தையல். பத்து நாளில் ஆறியிருக்க வேண்டியது, சீழ் பிடித்து எலும்பு வரை போய்விட்டது.

புதன்கிழமை காலை 11.20. பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை டாக்டர் இதைப் போனில் சொன்னதும் தணிக்கையம்மா கேட்டது ஒன்றுதான்.

"தையல் போட்டது எங்க?"

"அதே கிளினிக்தான் மேடம். இது மூணாவது கேஸ். முதல்ல கட்டி கிழிச்சவரு, அப்புறம் கால் நகம் எடுத்த பொண்ணு, இப்ப இவங்க."

"மூணு பேரும் அங்க போனது என்ன கிழமை?"

காகிதம் புரளும் சத்தம். "மூணுமே புதன்கிழமை."

கிளினிக்குகளில் சிகிச்சை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். தணிக்கையம்மா என்பது டாக்டர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். இதே கிளினிக்கைப் போன வருஷம் சோதித்து, 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்தை நினைக்க நினைக்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம் 1.50. கிளினிக்கின் கூடத்தில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். சுவர் தெரியாத அளவுக்கு அறிவிப்புகள். செருப்பை வெளியே விடவும். செல்போனில் பேசாதீர்கள். டோக்கன் இல்லாமல் நிற்காதீர்கள். அறிவிப்புகளைக் கிழிக்காதீர்கள். ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் சாய்ந்த கறுப்புக் கோடு போட்ட டேப். இத்தனை அதட்டலையும் எழுதியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. அவர் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். டாக்டரின் அக்கா, ஊருக்கே பெரியக்கா.

"டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க."

தணிக்கையம்மா அடையாள அட்டையை நீட்டினார்.

"போன வருஷம்தானே வந்தீங்க?"

"வந்தேன். சரியாப் பாக்கல. அதான் திரும்ப வந்திருக்கேன்."

பெரியக்கா அசரவில்லை. "விஷயம் தெரியும் மேடம். எல்லாம் நர்ஸோட அலட்சியம். காலையிலேயே கருவி ரூம் சாவியை வாங்கிட்டேன். இன்னைக்கோட நின்னுக்கச் சொல்லியாச்சு."

பின்வாசல் பக்கம் அந்த நர்ஸ் பையைத் தோளில் மாட்டி நின்றிருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நீங்க இப்பப் போகக் கூடாது," என்றார் தணிக்கையம்மா. "வாங்க என்கூட."

2.05. கருவி அறை. மூலையில் பெரிய பிரஷர் குக்கர் மாதிரி ஒரு இயந்திரம்; கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் நீராவியில் வேக வைத்துக் கிருமி கொல்வது. தணிக்கையம்மா தன் பையிலிருந்த சோதனைப் பட்டையை உள்ளே வைத்து ஓட்டச் சொன்னார். முடிய ஐம்பது நிமிஷம் ஆகும்.

அலமாரியில் துணியில் கட்டிய பொட்டலங்கள். எல்லாவற்றின் மேலும் டேப். டேப்பில் கறுப்புக் கோடுகள்.

நர்ஸ் தன் மேஜையிலிருந்து டேப் சுருளை எடுத்துக் காட்டினார். அதில் கோடுகள் வெளிறி, இருக்கிறதா இல்லையா என்றிருந்தன. "வெறும் டேப்பு இப்படித்தான் இருக்கும் மேடம். பொட்டலத்தோட சேர்ந்து வெந்தாத்தான் கோடு கறுக்கும்."

"எனக்கே பாடமா? சரி, புதன்கிழமை உங்களுக்கு அரை நாள்தானே?"

"ஆமா மேடம். அம்மாவுக்கு டயாலிசிஸ். ஒரு மணிக்குக் கிளம்பிடுவேன். இன்னைக்குத்தான் இந்தப் பிரச்சினையில நின்னுட்டேன்."

"கருவி மொத்தம் எத்தனை செட்டு இருக்கு?"

"ஆறு."

தணிக்கையம்மா பதிவேட்டைப் புரட்டினார். போன புதன்கிழமை காலையில் ஆறு பேர், மத்தியானம் ஐந்து பேர்.

"மத்தியானத்துக்கு வேக வைக்கறது யாரு?"

"காலையில எடுத்ததைக் கழுவி வச்சுட்டுப் போவேன். பெரியக்கா ஓட்டிக்கறேன்னு சொன்னாங்க."

2.30. பெரியக்கா.

"பச்சைப் பொய். அவதான் ஓட்டி, கட்டி வச்சுட்டுப் போவா. நான் மிஷினைத் தொட்டதே இல்ல. பொட்டலம் கட்டவும் எனக்குத் தெரியாது."

2.40. டாக்டர். இருமல்காரர் ஒருவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். நல்ல மனுஷர். அதுதான் தணிக்கையம்மாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க மேடம்."

"எவங்க?"

"அதான்... அவங்க."

"ஆறு செட்டை வச்சுக்கிட்டுப் பதினோரு பேருக்கு எப்படி வேலை பாத்தீங்க?"

"பொட்டலம் வரும், பிரிப்பேன். ஆனா கறுப்புக் கோடு இருக்கான்னு பாக்காம ஒரு நாளும் பிரிச்சதில்ல!" என்றார் டாக்டர், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

2.55. இயந்திரத்திலிருந்து எடுத்த சோதனைப் பட்டை கன்னங்கரேலென்று வந்தது. இயந்திரத்தில் குறை இல்லை. பொட்டலங்களில் குறை இல்லை. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுக்கிறாள். சாட்சிக்கு யாரும் இல்லை. அங்கே ஒரு பெண் விரலை இழந்துவிட்டுப் படுத்திருக்கிறாள், இங்கே எல்லாமே சரியாக இருக்கிறது! தணிக்கையம்மாவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தார்.

சுவரில் சாய்ந்திருந்த ஒருவர் எழுந்தபோது, அவர் சட்டையில் மாட்டிச் செருப்பு அறிவிப்பின் ஒரு மூலை பெயர்ந்து தொங்கியது. தணிக்கையம்மா பழக்கதோஷத்தில் அதைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். விரல் அங்கேயே நின்றுவிட்டது. டேப்பில் பாதி காகிதத்தின் மேல், பாதி சுவரின் மேல்.

உள்ளே டாக்டர் யாரிடமோ "இப்ப வலிக்குதா?" என்று கேட்கும் குரல் வந்தது. மத்தியானத்தின் முதல் கட்டி.

தணிக்கையம்மா ஓடினார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்திருந்தார். பிரித்த பொட்டலம் தட்டில் இருந்தது.

"டாக்டர், கத்தியைக் கீழ வைங்க."

"மேடம், மருந்து போட்டு மரத்துப்போயிருக்கு—"

"கீழ வைங்கன்னேன்!"

3.10. வாத்தியாரைச் சமாதானப்படுத்தி வெளியே உட்கார வைத்தாயிற்று. மூவரையும் கூடத்துச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார் தணிக்கையம்மா.

"டாக்டர், இந்த டேப்புல கோடு என்ன நிறம்?"

"கறுப்பு."

"கறுக்கணும்னா நீராவியில வேகணும். இந்தச் சுவரைப் பேத்து எடுத்து மிஷினுக்குள்ள வச்சு வேக வச்சீங்களா?"

டாக்டர் டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஒட்டறதுக்கு முன்னாடியே கறுத்துப்போன டேப்பு இது. இதைச் சுத்தினா எந்தப் பொட்டலமும் வெந்த பொட்டலம்தான். நர்ஸ் மேஜையில இருக்கறது வெளிறின சுருள். அறிவிப்பு ஒட்டறவங்க யாரோ, அவங்ககிட்டதான் கறுத்த சுருள் இருக்கும். பெரியக்கா, கவுண்டர் மேஜையைத் திறங்க."

பெரியக்கா இடுப்புச் சாவியை எடுக்க நேரமாயிற்று. உள்ளே பாதி தீர்ந்த சுருள், முழுக்கக் கறுப்புக் கோடு. அலமாரியிலிருந்த மேல் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னார் தணிக்கையம்மா. அதன் டேப் கிழிந்த முனையும் சுருளின் முனையும் பல்லோடு பல் பொருந்தின.

"காலையிலேயே சாவியை வாங்கிட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப இன்னைக்கு இதைக் கட்டினது யாரு?"

பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சுருள் மிஷினுக்குள்ள விழுந்து வெந்துபோச்சுன்னு இவ குப்பையில போட்டா. ஒட்டத்தானே செய்யுது, எதுக்கு வீணாக்கணும்னு எடுத்து வச்சேன். அறிவிப்புக்குத்தான். சத்தியமா அறிவிப்புக்குத்தான். ஒரு புதன்கிழமை கூட்டம் நெரிஞ்சுது. மிஷின் முடியற வரைக்கும் உக்காந்திருங்கன்னா ஜனங்க எழுந்து போயிடுவாங்க. தம்பிகிட்ட வந்தா காக்க வேண்டாம்னுதானே இத்தனை பேரு வராங்க? சோப்புப் போட்டு, ஸ்பிரிட் ஊத்தி, நல்லாத்தான் கழுவினேன்..."

"எத்தனை வாரமா?"

"ஒன்பது."

"அக்கா," என்றார் டாக்டர்.

தணிக்கையம்மா அவர் பக்கம் திரும்பினார். "உங்க அக்கா மேல என்ன நடவடிக்கைன்னு நான் எழுதறேன். ஆறு செட்டு எப்படிப் பதினொண்ணு ஆகுதுன்னு நீங்க ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா அந்தம்மாவுக்கு விரல் இருந்திருக்கும். போன வருஷம் நானும் சும்மா சுத்திப் பாத்துட்டுத்தான் போயிருக்கேன், ஆறையும் எண்ணல, பதினொண்ணையும் எண்ணல. அதையும் சேர்த்துதான் எழுதப் போறேன்."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். "நீங்க... நீங்க வேலையில இருக்கலாம்."

"யோசிச்சுச் சொல்றேன் சார். அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க." நர்ஸ் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, இந்த முறை முன்வாசல் வழியாகப் போனார்.

4.15. கருவி அறைக்கு முத்திரை வைத்தாயிற்று. பதிவேட்டில் ஒன்பது புதன்கிழமைகளின் மத்தியானப் பெயர்களை எண்ணினால் நாற்பத்திநாலு. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தது மூன்று பேர். மீதி நாற்பத்தொரு பேர் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்க. நீங்களே பேசணும். இப்பவே."

டாக்டர் முதல் எண்ணை அழுத்தினார். எதிர்முனையில் ஒரு வயதான குரல். கூடம் முழுக்கக் கேட்டது.

"டாக்டரா? நீங்களேவா பேசுறீங்க? அடேயப்பா! காயம் ஆறிடுச்சான்னு டாக்டரே போன் போட்டு விசாரிக்கறாரேன்னு இப்பவே என் மருமக கிட்ட சொல்றேன். உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும். பெரியக்கா சௌக்கியமா?"

டாக்டர் போனைப் பொத்திக்கொண்டு தணிக்கையம்மாவைப் பார்த்தார். அவர் அசையவில்லை.

"ஐயா," என்றார் டாக்டர். "விசாரிக்கக் கூப்பிடல. எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துபோச்சு. கொஞ்சம் கேளுங்க."

பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். விரலை அடுத்த வரியில் வைத்து, இரண்டாவது எண்ணை வாசித்தார்.