அடியில் ஒரு விரற்கடை

மூட்டைக்குள் எலி புகுந்துவிட்டது என்றுதான் லத்திபா முதலில் நினைத்தாள். காதோரம் முடியைப் பிடித்து விரல்களால் உரசினால் வருமே, அப்படியொரு சத்தம். ஓய்வதும் கிளம்புவதுமாக இருந்தது. புருஷன் கலீல் ரஹ்மான் குமுளிக்கு ஏலக்காய் வாங்கப் போயிருந்தான். ஆடிச் சாரலுக்குப் பயந்து கம்பத்துத் தெருவே மத்தியானத்திலேயே கதவைச் சாத்தியிருக்க, ஏலக்காய் மணமும் ஈரச்சுவரின் வாடையும் கலந்து கிடந்த அறையில், அவள் ஒவ்வொரு மூட்டையாக நகர்த்திக் காதை வைத்துக் கேட்டாள்.

எலி இல்லை. சத்தம் தொட்டிலிலிருந்து வந்தது.

மகள் யாஸ்மினின் நெஞ்சில் காதை வைத்தாள். மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் அந்த உரசல். உடம்பு அனலாகக் கொதித்தது.

நிமோனியாவுக்கென்று புதிதாக வந்திருந்த தடுப்பூசியைத் தேனிக்குத் தூக்கிப்போய்ப் போட்டிருந்தாளே! "இது எல்லாக் கிருமியையும் பிடிக்காதும்மா. மருந்தை அரைகுறையா குடுத்துக் குடுத்து, மிச்சக் கிருமிக்கெல்லாம் அது பழகிப்போச்சு. காச்சல் வந்தா உடனே தூக்கிட்டு வா" என்று டாக்டர் சொன்னது அன்று அவள் மனதில் தங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுக் கிருபாவதி, இடுப்பில் கைக்குழந்தை, கையில் ரோஸ் நிற மருந்துப் பாட்டில்.

"இந்தாங்கக்கா, நீங்க குடுத்ததுதான். எம்மவனுக்கு ரெண்டே வேளையில காச்சல் விட்டுருச்சு, நிறுத்திப்புட்டேன்."

"காலி பண்ணலையே?"

"பண்ணுவேனா! பாட்டில் காலியானா சீக்கு திரும்பி வந்துராது? அண்ணன் இன்னும் வரலையா? குமுளியில எவளாச்சும் மறிச்சு வச்சுட்டாளா?"

சிரித்துவிட்டுப் போனாள். அந்தத் தெருவின் வழக்கம் அது. காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, அடியில் ஒரு விரற்கடை மிச்சம் வைத்து, அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். லத்திபாவும் எத்தனையோ முறை கொடுத்தவள்தான்.

மருந்தைப் புகட்டினாள். காத்திருந்தாள். எப்போதும் பொழுது சாய்வதற்குள் வியர்த்துக் காய்ச்சல் விட்டுவிடும். இன்று வியர்க்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது.

பிள்ளையைத் தோளில் போட்டு, முக்காட்டால் மூடி, ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

தெருவில் ஆள் இல்லை. சாரல் மட்டும். கிருபாவதி வீட்டு ஜன்னலைத் தாண்டும்போது கால் நின்றது.

உள்ளே அதே உரசல்.

அடுத்த வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும். சாத்திய கதவுகளுக்குப் பின்னால், தெரு நெடுக, யாரோ முடியை உரசிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு ஜன்னல் கட்டையிலும் ஒரு பாட்டில். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விரற்கடை ரோஸ் நிறம்.

லத்திபா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

எல்லா வீட்டிலும் சத்தம்.

அவள் தோளில் மட்டும் இல்லை.