கையில் கொடுத்தவர்

2006 அக்டோபர் 5, வியாழன். பிற்பகல் 3.05.

சோதனை அறை மேசைமேல் இருந்த ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. இரண்டு வருட உழைப்பு அதற்குள் இருந்தது. அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே கதவு. அது சாவிக்குத் திறக்காது, கைக்குத்தான் திறக்கும்.

மல்லேஸ்வரத்தின் அந்தச் சின்ன நிறுவனத்தில் பதினெட்டுப் பேர். எல்லோருக்கும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, தோலுக்கடியில் ஒரு சிப். அரிசி மணியளவு கண்ணாடிக் குழாய். பேட்டரி இல்லை. ரீடருக்கு இரண்டு அங்குல நெருக்கத்தில் கை வந்தால், அது பரப்பும் காந்தப்புலத்தில் விழித்துக்கொள்ளும், தன் எண்ணைச் சொல்லும், மறுபடி உறங்கிவிடும். யார் கேட்டாலும் சொல்லும்.

இதை வடிவமைத்தவள் நிருபமா. கதவின் பதிவேட்டை அவளே உரக்கப் படித்தாள்.

"ஒரு மணிக்கு நான் வெளிய வந்திருக்கேன். நாம இப்ப திறக்கறதுக்கு முன்னாடி உள்ள போனது ஒரே ஆள்தான். ரெண்டு பத்து. யசோதா."

யசோதா ஈஜிபுராவிலிருந்து வரும் துப்புரவுத் தொழிலாளி. எல்லோருக்கும் காபி கொண்டுவருவதும் அவள்தான். அப்போதும் கையில் டம்ளரோடு வந்து நின்றாள்.

"அங்க வெச்சிடு," என்றாள் நிருபமா. "ரெண்டு பத்துக்கு எங்க இருந்தே?"

"மாடியில டேங்க் கழுவிட்டிருந்தேம்மா."

"யாராவது பாத்தாங்களா?"

"டேங்க்குள்ள யாரு எட்டிப் பாப்பாங்க?" நழுவிய பித்தளை வளையல்களை மறுகையால் மேலே தள்ளிக்கொண்டாள்.

உள்ளங்கையில் அடங்கும் கை ரீடரால் புது சிப்களைச் சோதித்துப் பதிவு செய்பவர் மேனேஜர் சுந்தரேசன். அவர் லேசாகச் சிரித்தார். "மனுஷன் பொய் சொல்வான், சிப் சொல்லாது. நீதானே டெமோவுல சொல்வே, நிருபமா?"

அவளுடைய வாசகம்தான். எல்லோர் முன்னாலும் யசோதாவின் பையை வாங்கி மேசையில் கொட்டினாள். டிபன் டப்பா, துவைத்த ரவிக்கை ஒன்று, பொரிக் கவரில் சுற்றிய சீப்பு. டிஸ்க் இல்லை.

"இந்நேரம் வெளிய போயிருக்கும். சும்மனே எதுக்கு டைம் வேஸ்ட்?" என்றார் சுந்தரேசன்.

"டிஸ்க் வரலேன்னா நாலரைக்கு போலீஸுக்கு போன் பண்றேன்," என்றார் முதலாளி அனந்தபத்மநாபன். யசோதா சீப்பை மீண்டும் கவரில் சுற்றினாள்.

4.00 மணி.

போலீஸுக்குக் கொடுக்கப் பிரதி எடுக்கும்போதுதான் நிருபமா இரண்டாவது பதிவேட்டைத் திறந்தாள். முதலாவதில் கதவு திறந்தது மட்டும் பதிவாகும். இதில் அரைகுறையாகப் படித்ததும் பதிவாகும். யசோதா வரும்போதெல்லாம் மூன்று நான்கு அரைகுறைகள், பிறகுதான் முழு எண். காரணம் வளையல். உலோகம் காந்தப்புலத்தை விழுங்கிவிடும். அவள் வாளியைக் கீழே வைத்து, வளையலை மேலே தள்ளி, மறுபடி கையைக் காட்ட வேண்டும்.

இன்று இரண்டு பத்துக்கு அரைகுறை ஒன்றுகூட இல்லை. முதல் தடவையே கதவு திறந்திருந்தது.

நிருபமா படியிறங்கி ஓடினாள்.

"இன்னிக்கு வளையல கழட்டினியா?"

"கழட்ட வராதும்மா. கை பருத்துப்போச்சு."

அப்படியானால் வந்தது யசோதாவின் கை அல்ல, அவளுடைய எண். அதைத் திருட, ஒரு ரீடர் இந்தக் கைக்கு இரண்டு அங்குலம் அருகே வந்திருக்க வேண்டும்.

"யாராவது உன் கையில எதாவது குடுத்தாங்களா? நல்லா யோசிச்சு சொல்லு."

"யோசிக்க என்னம்மா இருக்கு? இங்க யாரு என் கையில குடுப்பாங்க? 'அங்க வெச்சிருக்கேன், எடுத்துக்கோ'ன்னுதான் எல்லாரும். நீங்களும்தான்." மணி என்னவென்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். "போன வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல ஆயுத பூஜை போட்டோமே, அன்னிக்கு சுந்தரேசன் சார் மட்டும் கையப் புடிச்சு பொரிக் கவர குடுத்தாரு. பேதம் பாக்காத மனுஷன்னு வீட்டுல கூட சொன்னேன்."

மற்ற பதினேழு பேரில் யாரைக் கேட்டாலும், சென்ற வாரம் யார் கை குலுக்கினார்கள் என்று நினைவிருக்காது. யசோதாவுக்கு இருந்தது. மூன்று வருடத்தில் ஒரே ஒரு முறை என்பதால். நிருபமாவுக்குக் காது மடல் சுட்டது.

4.20 மணி.

"உங்க கை ரீடர குடுங்க சார்."

"எதுக்கு?" என்றபடியே சுந்தரேசன் கொடுத்தார். "அதுல ஒண்ணும் இல்ல."

"லிஸ்ட்ட அழிச்சாலும் கடைசி நூறு எண் உள்ள தங்கும். நான் வெச்ச ஏற்பாடு." கணினியில் மாட்டினாள். "வெள்ளிக்கிழமை, பதினொண்ணு நாப்பது. யசோதா நம்பர். பொரிக் கவருக்கு அடியில இத வெச்சுப் புடிச்சீங்க. அந்த நம்பர வெத்துக் கார்டுல ஏத்தினீங்க. கார்டுக்கு ஏது சார் வளையல்? அதான் கதவு ஒரே தடவையில திறந்துச்சு."

அனந்தபத்மநாபன் கையை நீட்டினார். "ஸ்கூட்டர் சாவி."

இருக்கைக்கு அடியில், மழைக்கோட்டில் சுற்றிய டிஸ்க் கிடைத்தது. சுந்தரேசன் அடுத்த மாதம் வேறொரு கம்பெனிக்குப் போக இருந்தார். வெறுங்கையோடு போக மனமில்லை.

"அவள எதுக்குப்பா மாட்டிவிட்டே?" என்றார் அனந்தபத்மநாபன்.

சுந்தரேசன் நிருபமாவைப் பார்த்தார். "அவ சொன்னா யாரு நம்புவா? நீயே நம்பலையே."



5.10 மணி.

யசோதா வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிருபமா தானே கலந்த காபியை எடுத்துப் போய், டம்ளரை அவள் கையருகே நீட்டினாள். "எடுத்துக்கங்க, யசோதா." மூன்று வருடத்தில் முதல் 'ங்க'.

டம்ளர் விரலைச் சுட்டது. அவள் நீட்டியபடியே நின்றாள்.

யசோதா நிமிரவில்லை.

"அங்க வெச்சிடுங்கம்மா. எடுத்துக்கறேன்."