நீலகிரி மரநாய்க்கு மாப்பிள்ளை

இனமானி மூன்றாவது முறையாகச் சிவப்பு விளக்கைக் காட்டியபோது, அதைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்றிருந்தது தமயந்திக்கு.

கூண்டுக்குள் இருந்தது பெண் நீலகிரி மரநாய். கீரியைவிடப் பெரிய உடல், மஞ்சள் கழுத்து. அந்த இனத்தில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். பக்கத்துக் கூண்டில் இமயமலையிலிருந்து வரவழைத்த ஆண் மரநாய், நெருங்கிய சொந்தம். இரண்டும் கம்பி வழியே மோப்பம் பிடித்துக் குழைந்தன. ஆனால் இனக்கலப்புத் தடைச் சட்டம் வந்த நாளிலிருந்து, இரண்டு உயிர்களை ஒப்பிட்டு இனமானி ‘ஒரே இனம்’ என்றால்தான் கூண்டுக் கதவே திறக்கும். மனிதர்கள் பொருத்தம் பார்ப்பதை விட்டொழித்து, அந்தப் பாரத்தை விலங்குகள் தலையில் கட்டியிருந்தார்கள்.

வித்தியாசம் அப்படியொன்றும் பெரிதில்லை. நீலகிரிக்காரியின் நெற்றியில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். வனவிலங்கு மருத்துவரான தமயந்தி அந்த ஓர் அளவை இனமானியிலிருந்து நீக்கினாள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அவள் சொன்னது ஒன்றே ஒன்று. பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்தது.

மறு வருடம் குட்டிகள் பிறந்தபோது, தானே பெற்றதுபோல் அழுதாள். வன அதிகாரி ஞானசிகாமணி மைசூர்பாகோடு வந்தார்.

“சாதிச்சுட்டீங்க டாக்டரம்மா!” என்றவர், குட்டிகளைப் பார்த்ததும் தயங்கினார். “ஒரு சங்கடமுங்க. இனமானி முடிவு டெல்லி வரைக்கும் போயிருச்சு. ரெண்டும் ஒரே இனம்னா, இமயமலையில ஏராளமா இருக்குதுங்களே? அழியற இனம்னு இனிச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. இவளுக்காகத்தான் இந்தச் சோலைக்கே காவல் போட்டிருந்துச்சு. இனி காட்டை அழிச்சு அணை கட்டப் போறாங்க.”

தமயந்தி குறுக்கிட்டாள். “வேற வேற இனம்தானுங்க சார்! நாந்தான் நெத்திப் பள்ளத்தை மறைச்சேன். யார்கிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன்.”

அவர் கோபப்படவில்லை. “சொல்லலாமுங்க. காடு தப்பிச்சுக்கும். ஆனா குட்டிக கலப்புன்னு ஆயிருமே? கலப்பை உசுரோட விடச் சட்டத்துல எடமில்லீங்களே.”

கண் திறக்காத குட்டிகள் தாயின் வயிற்றில் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

“ஒரே இனம்தானுங்க, சார்” என்றாள் தமயந்தி கடைசியில்.

மறுநாள் காலையே சோலையை அளக்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.